கன்னிமாருக்குக் கட்டிய படி

ஆலங்காயம் ஆஸ்பத்திரியில் நர்சாகச் சேர்ந்த வருஷத்துக் கோடையில்தான் அந்தக் கிணற்றை முதன்முதலாகப் பார்த்தேன். பார்த்த கையோடு அதில் இறங்கித் தண்ணீரும் குடித்துவிட்டேன்.

குடிக்காமல் எப்படி இருப்பது? நான் ஆம்பூர்க்காரி. அப்பாவுக்குத் தோல் பதனிடுகிற டேனரியில் வேலை. எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் ஆவாரம்பட்டை ஊறிய நிறத்தில் இருக்கும். வாயில் வைத்தால் நாக்கை இழுக்கும். பாத்திரம் கழுவத்தான் அது ஆகும். குடிப்பதற்குப் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்பி, தலையில் வைத்துக்கொண்டு வருவோம். அப்படி வளர்ந்தவள் மலைமேல் ஒரு கிணற்றைப் பார்க்கிறேன். சுற்றிலும் நாவல் மரங்கள். பாறையில் வெட்டிய அகலமான படிகள் தண்ணீருக்குள் இறங்கிப் போகின்றன. கடைசிப் படியில் கிடக்கும் கூழாங்கல்கூடத் தெரிகிற தெளிவு. மலையேறி வந்த தாகம் வேறு. இரண்டு கைகளாலும் அள்ளிக் குடித்தேன். இனித்தது.

"அய்யய்யோ நர்சம்மா! துப்புங்க, துப்புங்க!"

கூட வந்திருந்த சுகாதார இன்ஸ்பெக்டர் மேல்படியில் நின்று குடையை ஆட்டிக்கொண்டு கத்தினார். அவர் விரிஞ்சிபுரத்துக்காரர், நல்ல மனிதர், கொஞ்சம் பதற்றக்காரர். மழையோ வெயிலோ, குடையில்லாமல் அவரை நான் பார்த்ததேயில்லை.

"முழுங்கிட்டேன் சார். இன்னா ஆச்சு?"

"இன்னாவா? அந்தாண்ட பாருங்க."

கிணற்றின் அந்தப் பக்கம், நிழலில், ஒரு ஆள் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். கால் வீங்கியிருந்தது. கணுக்காலுக்கு மேலே ஒரு புண். அதிலிருந்து வெள்ளை நூல்போல ஒன்று வெளியே தொங்கியது.

நரம்புச்சிலந்தி. நான் புத்தகத்தில் படித்திருந்தேன், பார்த்ததில்லை. தண்ணீரோடு வயிற்றுக்குள் போகிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி வழியாக வருகிற புழு அது. ஒரு வருஷம் உடம்புக்குள்ளேயே வளர்ந்து இரண்டு முழ நீளமாகி, அடுத்த கோடையில் காலில் கொப்புளம் போட்டு வெளியே வரும். கொப்புளம் தீயாய் எரியும். எரிகிறதே என்று காலைத் தண்ணீரில் வைத்தால் புழு தன் குஞ்சுகளையெல்லாம் அங்கேயே கொட்டிவிடும். அதே தண்ணீரை ஊர் மறுபடியும் குடிக்கும்.

"எனக்கும் வருமா சார்?"

"அது அடுத்த கோடைலதான் தெரியும். அதுவரைக்கும் காலப் பாத்துக்கினே இருங்க" என்றார் அவர். ஆறுதலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அந்த ஊர் மலையாளிகளின் ஊர். மலையாள தேசத்துக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மலையை ஆளுகிறவர்கள் என்று அவர்களே பெயருக்கு அர்த்தம் சொல்வார்கள். சாமையும் கேழ்வரகும் விதைப்பார்கள். காட்டில் கடுக்காய் பொறுக்கிக் கீழே எங்கள் ஊர் டேனரிகளுக்கு அனுப்புவார்கள். ஏர் பூட்டுகிற காலம் வரும்போதெல்லாம் பாதி ஊர் காலை நீட்டிப் படுத்துவிடும். வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் காலில் இலையை வைத்துக் கட்டிக்கொண்டு கிடப்பார்கள். "கோடை வந்தா மாம்பழம் வருது, பலாப்பழம் வருது, கூடவே இதுவும் வருது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

ஊர்நாட்டாமை எல்லாரையும் பலாமரத்தடியில் கூட்டினார். இன்ஸ்பெக்டர் ஒரு கண்ணாடித் தம்ளரில் கிணற்றுத் தண்ணீரை எடுத்து வைத்து, மேலே பூதக்கண்ணாடியைப் பிடித்தார். உள்ளே வெள்ளைப் புள்ளிகள் குதித்துக் குதித்து ஓடின. ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். பெண்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு பார்த்தார்கள். எல்லாரும் பயந்துபோவார்கள் என்று நாங்கள் காத்திருந்தோம்.

நாட்டாமை கடைசியாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இதுதானா?"

"இதுதான். இந்தப் பூச்சிதான் எல்லாத்துக்கும் காரணம்."

"இம்மாத்தூண்டு பூச்சிக்கா இவ்ளோ தூரம் மலை ஏறி வந்தீங்க? நாங்க ஈசலையே வறுத்துத் தின்றவங்க சாமி."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் மட்டும் பூதக்கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சிரிங்க, சிரிங்க. படிய மூடிட்டுச் சுத்தி செவுரு கட்டணும். மேல நின்னு கயித்துல சேந்தணும். யார் காலும் தண்ணில படக்கூடாது. ஜில்லா போர்டுல சுண்ணாம்பு, கல்லு எல்லாம் குடுப்பாங்க" என்றார்.

சிரிப்பு நின்றது. நாட்டாமை மெதுவாகச் சொன்னார்: "படிய மூட முடியாதுங்க. அது எங்களுக்குப் போட்ட படி இல்ல. கன்னிமாருக்குப் போட்டது. வெள்ளிக்கிழம உச்சி வேளையில ஏழு பேரும் எறங்கிக் குளிக்கிறாங்க. நீங்க மூடிட்டா அவங்க எங்க போவாங்க?"

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஜில்லா போர்டு விதிகளில் கன்னிமாரைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பெண் முழங்காலில் இலைக்கட்டோடு வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். கன்னிமார் வந்து இறங்குவது அவள்மேல்தான் என்று பிறகு தெரிந்தது.

சுவர் கட்ட முடியாவிட்டால் போகட்டும், தண்ணீரைத் துணியில் வடிகட்டியாவது குடிக்கட்டும் என்று நல்ல நெருக்கமான மல் துணி வாங்கி வீட்டுக்கொன்றாகக் கொடுத்தேன். நான் மலைக்குப் போகிற நாட்களில் எல்லா வீட்டுக் குடத்தின் வாயிலும் துணி இருக்கும். ஒருநாள் சொல்லாமல் போனேன். ஒரு துணி தொட்டிலாகத் தொங்கியது. ஒன்றில் தேனடை வடிந்துகொண்டிருந்தது. மற்றதெல்லாம் கோவணமாகி ஊரெல்லாம் ஓடி விளையாடிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் தாய்மார்கள் பிள்ளைகளைத் துரத்திப் பிடித்துத் துணியை உருவ ஆரம்பித்தார்கள். அதை எடுத்துக் குடத்தில் கட்டிவிடப் போகிறார்களே என்று நான் அலறி ஓடித் தடுத்தேன்.

அடுத்த பங்குனியில் எனக்குக் கணுக்காலில் அரித்தது. கொசுக்கடி என்று நினைத்தேன். மறுநாள் அது கொப்புளமானது. அதற்கு மறுநாள் பாதத்தையே அடுப்பில் வைத்ததுபோல எரிந்தது.

இன்ஸ்பெக்டர் பார்க்க வந்தார். வருத்தப்படத்தான் வந்தார், ஆனால் முகத்தில் வேறு ஏதோ ஒரு பிரகாசம். "நான் அப்பவே சொல்லல?" என்றார்.

கொப்புளம் உடைந்து வெள்ளைத் தலை தெரிந்தது. அதை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்து உள்ளேயே சீழ் பிடிக்கும். எனக்கு முறை தெரியும்; ஆனால் என் காலில் நானே செய்யத் துணியவில்லை. "மேல அந்தச் சாமியாடுற அம்மா இதுல கெட்டிக்காரின்னு சொல்றாங்க. வருஷா வருஷம் ஊருக்கே எடுத்து விடுறாங்களாம்" என்று இன்ஸ்பெக்டர்தான் சொன்னார். அடிவாரம் வரை வண்டி. அங்கிருந்து கடுக்காய் இறக்க வந்த ஆட்கள் ஒரு கயிற்றுக் கட்டிலைக் கழியில் கட்டி என்னைத் தூக்கிக்கொண்டு மலையேறினார்கள்.

ஊரே வெளியில் வந்துவிட்டது. அவர்கள் முகத்தில் இருந்ததை இரக்கம் என்று மட்டும் சொல்ல முடியாது.

"ஆசுபத்திரியம்மாவுக்கே சிலந்தி வந்துருச்சாமே!"

"அவங்களுந்தான் வடிகட்டாம குடிச்சாங்களாம்!"

ஒருத்தி கேழ்வரகுக் களி கொண்டுவந்தாள். ஒருத்தி தேன் கொண்டுவந்தாள். போன வருஷம்வரை என்னிடம் தள்ளி நின்று பேசிய பெண்கள் என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவரவர் காலைக் காட்டி, எந்தத் தழும்பு எந்த வருஷத்தது என்று சொன்னார்கள். அவர்களில் ஒருத்தியாகிவிட்டேன் என்பது எனக்கு அந்த எரிச்சலிலும் பிடித்திருந்தது.

சாமியாடுகிறவள் என்னைத் தன் குடிசையிலேயே வைத்துக்கொண்டாள். மூங்கில் சிம்பு ஒன்றைச் சீவி, புழுவின் தலையை அதில் மாட்டி, காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று. அவள் விரல்கள் பூத்தொடுக்கிற விரல்கள்போல மெதுவாக நகரும்.

"வலிக்குதா?"

"உயிர் போவுதுக்கா."

"அதெல்லாம் போவாது. ஆடாம உக்காரு."

ஒருநாள் சுற்றிக்கொண்டே கேட்டாள்: "நீ எங்க கெணத்துல எத்தினி வாட்டி குடிச்ச?"

"ஒரே ஒரு வாட்டிக்கா. மொத நாள். அப்புறம் காய்ச்சித்தான் குடிக்கிறேன்."

அவள் கை நின்றது. "ஒரே வாட்டியா?"

"ஆமா."

"நான் இது மலைக்காரங்க ஒடம்புலயே இருக்குறதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஒனக்கு ஊரு வேற, சாமி வேற, சாப்பாடு வேற. ஒரு வாய் குடிச்சதுக்கா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ எரியுதுன்னு நான் போயி கால வெச்சேனே, அது மத்தவங்களுக்குப் போயிருக்குமா?" என்று கேட்டாள்.

உள்ளதைச் சொன்னேன். "போயிருக்கும்க்கா. அவங்க காலுலேந்து ஒனக்கும் வந்திருக்கும்."

அவள் சிம்பை என் காலோடு வைத்துக் கட்டிவிட்டு, வெளியே போய் நாவல் மரங்களைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். புழு முழுசாக வெளியே வந்த அன்று அதைத் தூக்கிக் காட்டி, "ஏய் ஆம்பூரு, ஒன் வாடகைக்காரன் காலி பண்ணிட்டான்" என்றாள். அன்றிலிருந்து அந்த ஊரில் என் பெயர் ஆம்பூரு.

ஆடி மாதம் கன்னிமாருக்குப் பொங்கல் வைத்தார்கள். என்னையும் இன்ஸ்பெக்டரையும் அழைத்திருந்தார்கள். கிணற்றங்கரையில் ஏழு கற்களுக்கு மஞ்சள் பூசி, பூ வைத்து, பம்பை அடித்தார்கள். உச்சி வேளைக்கு அவள்மேல் கன்னிமார் இறங்கினார்கள். எனக்கு அந்தச் சாமிகளைக் கும்பிட்டுப் பழக்கமில்லை; ஆனாலும் அவள் குரல் எழுந்தபோது என் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"என் தண்ணியில யாருடா கால வெக்கிறது?"

பம்பை நின்றது. நாட்டாமை கீழே விழுந்து கும்பிட்டார். "தாயே, நாங்கதான். தண்ணி மொள்ள எறங்குறோம்."

"நான் குளிக்கிற எடத்துல ஒங்க புண்ணுக் கால வெச்சிட்டு, எனக்கே பொங்கலும் வெக்கிறீங்களா? எனக்குத் தனியா படி கட்டு! மனுசங் காலு அதுல நிக்கக்கூடாது. புள்ளக் காலுகூட நிக்கக்கூடாது. எனக்கு இம்மாத்தூண்டு போதும்." நான்கு விரல்களைச் சேர்த்துக் காட்டினாள். "மீறி எறங்குனா, ஏழு பேரும் எழுந்து போயிருவோம்!"

என் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தபடி நின்றார். "போர்டு ஆர்டர்கூட இவ்ளோ கரெக்டா வராதுங்க" என்று என் காதில் முணுமுணுத்தார்.

எல்லாம் முடிந்தபிறகு அவளிடம் போய், "என்னக்கா இப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நான் இன்னா சொன்னேன்? எனக்கு ஒண்ணும் நெனப்பு இல்லியே. நீ சொல்லு" என்றாள். களைத்துப்போய், வியர்த்து, குழந்தைபோல என் முகத்தையே பார்த்தாள். அவள் சொன்னது முழுவதையும் அவளுக்கே திருப்பிச் சொன்னேன். "நல்லாத்தான் சொல்லிக்கீறாங்க" என்று தலையாட்டினாள். அன்று அவளுக்கு உண்மையிலேயே நினைவில்லையா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். இன்றுவரை எனக்குத் தெரியாது.

அறுவடை முடிந்ததும் கிணற்று வேலை ஆரம்பமானது. ஆலங்காயத்திலிருந்து கொத்தனார் வந்தார். பழைய படிகளை மூடி, சுற்றிலும் இடுப்பளவு சுவர் எழுப்பி, கப்பி மாட்டக் கல்தூண் நட்டார். உட்சுவரில் மேலிருந்து தண்ணீர்வரை நாலு விரல் அகலத்தில் சின்னச் சின்னப் படிகள் வைக்கச் சொன்னபோது அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாங்க இது? யார் காலு வெக்கிற படி?"

"ஒனக்குத் தெரியாதவங்க காலு. நீ கட்டு" என்றார் நாட்டாமை.

அழகாகத்தான் கட்டினார். அத்தனை சின்னப் படிகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கிணற்றுக்கு வாளி வேண்டுமே என்று நான் ஆம்பூருக்குப் போனபோது பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அப்பா உற்சாகமாகிவிட்டார். தன் கையாலேயே நல்ல தோலாகப் பொறுக்கி, இரட்டைத் தையல் போட்டு, ஒரு தோல் வாளி தைத்துக் கொடுத்தார். சொட்டு ஒழுகாது. பெருமையோடு மலைக்குக் கொண்டுபோய் நாட்டாமை கையில் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. கூட்டம் தரையைப் பார்த்தது.

"தப்பா நெனக்காதம்மா. மாட்டுத் தோலு. இதுல சேந்துன தண்ணிய எங்க ஜனம் குடிக்காது."

முகத்தில் அடித்ததுபோல இருந்தது. எங்கள் வீட்டில் உலை வைத்ததும் நான் படித்ததும் அந்தத் தோலால்தான். வாளியோடு நின்றேன். சாமியாடுகிறவள் வந்து என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். அமுக்கிப் பார்த்தாள், தையலைத் தடவினாள். "குடிக்கத்தான் ஆவாது. என் மொளகா செடிக்கு ஓடையிலேந்து தண்ணி தூக்க இத வுட நல்ல சாமான் ஏது? தெச்சவரு யாரு, ஒங்க அப்பாவா? கையி நல்ல கையி" என்றாள். கிணற்றுக்கு ஒரு இரும்பு வாளி வந்தது. அப்பாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "மொளகா நல்லா காய்க்குதாமா?" என்று கேட்டார். காய்த்தது. அடுத்த தடவை ஒரு மூட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கிணற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது ஊரார் வேறு யாரையும் யோசிக்கவில்லை. அவள் ஒரு புளியங்கம்போடு நாவல் மர நிழலில் உட்கார்ந்தாள். சுவர்மேல் உட்காரக்கூடாது. பக்கத்தில் துணி துவைக்கக்கூடாது. சொந்தக் கயிறு, சொந்தக் குடம் உள்ளே விடக்கூடாது. ஏதாவது உள்ளே விழுந்தால் ஊரே கூடி முழுக் கிணற்றையும் இறைத்துக் கொட்டி, மருந்து போட்டு, மறுநாள்தான் குடிக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை இன்ஸ்பெக்டர்தான் சொல்லிக் கொடுத்தார். அவள் அதை அட்சரம் பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தாள்.

வேலூரிலிருந்து பெரிய ஹெல்த் ஆபீசர் கிணற்றைப் பார்வையிட வந்தார். இன்ஸ்பெக்டர் புதுச் சட்டை போட்டிருந்தார். சுவர், கப்பி, தூண் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். சின்னப் படிகளைக் காட்டும் ஆவலில், "இங்க பாருங்க சார், இங்க" என்று குனிந்து குடையால் சுட்டிக் காட்டினார். குடை கையிலிருந்து நழுவியது. படியெல்லாம் தட்டித் தட்டிப் போய், தண்ணீரில் விழுந்து, விரிந்து மிதந்தது.

ஆபீசர்தான் சமாளித்தார். "பரவாயில்ல, எடுத்துடலாம். ஒரு தம்ளர் தண்ணி குடுங்க, குடிச்சிப் பாத்துட்டுக் கெளம்புறேன்."

"இன்னிக்கி இல்ல சாமி" என்றாள் அவள். கம்பு குறுக்கே வந்தது. "கெணத்துல பொருளு விழுந்துருச்சி. எறைக்கணும். நாளைக்கி வா."

"அம்மா, இவரு யாருன்னு தெரியுமா? பெரிய ஆபீசரு!" என்று இன்ஸ்பெக்டர் பதறினார்.

"தெரியுது. நீதான சொன்ன, யாரா இருந்தாலும்னு? கொடையும் ஒன்னுதுதான? கயித்தப் புடி."

ஆபீசர் ஒரு நிமிஷம் அவளையும் கம்பையும் பார்த்தார். பிறகு தொப்பி கழன்று விழுகிற அளவுக்குச் சிரித்தார். நல்லவேளையாக வெளிப்பக்கம் விழுந்தது. கோட்டைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு, "ஆரம்பிங்க" என்று அவரே முதல் வாளியை இழுத்தார். வயலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பம்பையும் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டரின் புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இறைத்த தண்ணீரில் பிள்ளைகள் குதித்தார்கள். கடைசியில் புது ஊற்று ஊறி வந்ததும் ஊதா மருந்தைக் கரைத்து ஊற்றினோம். கிணறு முழுக்க ரோஜா நிறமானது. "கன்னிமாருக்கு ஆலத்தி கரைச்சி ஊத்துன மாதிரி கீது" என்று பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஆபீசர், ஊரார் காய்ச்சிக் கொடுத்த கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு மலையிறங்கினார்.

அதையடுத்து வந்த கோடையில் சிலருக்குக் கொப்புளம் வந்தது. முந்தைய வருஷம் குடித்ததன் மிச்சம். அவர்களுக்குக் கிணற்றடிப் பக்கம் வரவே அனுமதியில்லை. வீட்டுக்கே தண்ணீர் போனது. அதற்கடுத்த கோடையில் நான் மருந்துப் பெட்டியோடு மலையேறிப் போனபோது ஊரில் ஆளரவமே இல்லை. பலாமரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்து, கட்டுத் துணியையெல்லாம் எடுத்து அடுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். நாய்கூட வரவில்லை. எனக்குக் கொஞ்சம் பயம்கூட வந்தது.

வெகுநேரம் கழித்து மேட்டிலிருந்து அவள் இறங்கி வந்தாள். இடுப்பில் விதைக்கூடை.

"எங்கக்கா எல்லாரும்?"

"எங்க போவாங்க? ஏரு ஓட்டுறாங்க. அல்லாரும் ஒரே நேரத்துல நடக்குறாங்க, மாடுதான் பத்தல. நீ இன்னா இங்க கடை பரப்பிக்கினு உக்காந்துகீற?"

"யாருக்காவது கால்ல..."

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. மூடு அத."

நான் பெட்டியை மூடினேன். அவள் கூடையிலிருந்து பாதிச் சாமை விதையை என் முந்தானையில் கொட்டினாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் மாடுகளை அதட்டுகிற குரல்கள் கேட்டன. எனக்கு விதைக்கத் தெரியாது என்றேன். "நடக்கத் தெரியுமில்ல? வா" என்று அவள் முன்னால் நடந்தாள்.